எங்கள் வீட்டு ரெப்போ ரேட்

வாசற்படியின் முதல் கல்லைத் தண்ணீர் மூடியிருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு மழை தேவையில்லை. காயலில் வேலியேற்றம் என்கிற கடல் ஓதம் வந்தாலே ஓடை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் வீடு பார்க்க வந்துவிடும். நான் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரஞ்சித் வந்தான்.

ரஞ்சித் எங்கள் வீட்டு ஓனர் பாபு சேட்டனின் மருமகன். மாமனார் தேவராவில் மூத்த மகளோடு இருக்கிறார். வீட்டு வரி, ரிப்பேர், சண்டை எல்லாம் மருமகன் இலாகா. தண்ணீரை ஒரே தாவலில் தாண்டி உள்ளே வந்தான். ஷூவைக் கழற்றவில்லை. முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது.

கொரோனா காலம் அது. நான் வேலை செய்யும் ஹோட்டல் மூடிக் கிடந்தது. என் கணவர் முருகேசன் பஜார் ரோட்டில் மூட்டை ஏற்றுகிறவர். அவருக்கும் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை.

“சேச்சி, பேங்கில் பலிச கொறஞ்ஞு. பணயம் ஒரு லக்ஷம் கூட்டித் தரணும்,” என்றான். பலிச என்றால் வட்டி.

பேங்கில் வட்டி குறைந்தால் நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டேன். அவன் போனை எடுத்து ஆங்கிலத்தில் நாலைந்து வரி வாசித்தான். ரெப்போ ரேட் என்றான், கட் என்றான், இன்ஃப்ளேஷன் என்றான். கடைசியில் டெபாசிட் என்றான். எனக்குப் பிடிபட்டது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்.

“அதெந்தா, ரெப்போ?” என்று கேட்டேன்.

“அதொக்கெ பறஞ்ஞால் சேச்சிக்கு மனசிலாவில்லா.”

சொன்னால் உனக்குப் புரியாது என்கிறான். கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் அதை வெளியே தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதைப் போல, இருக்கிற சங்கதியைச் சொல்கிற குரலில் சொன்னான். என் கையில் துடைப்பம் இருந்தது. அதை நான் உபயோகிக்கவில்லையே என்று இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வாழைக்குலை சுமந்த கதை

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பணயத்தைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஒத்திக்கு வீடு என்கிறீர்களே, அதேதான். மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். நடுவில் அந்தப் பணத்தை ஓனர் பேங்கில் போட்டு வட்டி வாங்கிக்கொள்வார். அதுதான் அவருக்கு வாடகை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முத்திரைத்தாளில் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். தாள் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் சந்தில் அதை யாரும் படித்ததாக எனக்குத் தெரியாது.

நாங்கள் கொடுத்தது ஐந்து லட்சம். என் வளையல்கள், முருகேசன் எடுத்த சீட்டு, தென்காசியில் அவர் அப்பா வீட்டில் வந்த பங்கு, எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் வந்தது. இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஈரம் ஏறிய சுவர். இருந்தாலும் மகள் தீபா படிக்க ஒரு மூலை கிடைத்தது. எனக்கு அது அரண்மனை.

பணயத்துக்கு வீடு எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வோம். சாவி கைக்கு வந்த நிமிஷமே பணத்தை மறந்துவிடுவோம். ஓனர் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்ற நினைப்பு மட்டும் மனசில் தங்கிவிடும். ஓணம் வந்தால் நேந்திரங்குலையோடு ஓனர் வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் சந்தில் உண்டு. அந்தக் காலத்தில் குடியானவன் ஜமீனுக்குக் கொண்டுபோன மாதிரி. நானும் மூன்று வருஷம் குலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போட்டிலும் பஸ்ஸிலும் தேவராவுக்குப் போயிருக்கிறேன். பாபு சேட்டன் ஒரு கிளாஸ் பாயசம் தருவார். அதைக் குடித்துவிட்டு, ஏதோ பெரிய மரியாதை கிடைத்தது போலத் திரும்பி வருவேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்தோம். வேறு வழி தெரியவில்லை. தாலிச் செயினை விற்றேன், கழுத்தில் மஞ்சள் கயிறு மிஞ்சியது. ரஞ்சித் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டான். தாளில் எழுதச் சொன்னதற்கு, அடுத்த தடவை புதுத்தாள் போடும்போது சேர்த்துவிடலாம் என்றான். குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது எனக்கு அப்போதும் தெரியும். ஆனாலும் குனிந்தேன்.

இளஞ்சிவப்புப் பேப்பர்

ஹோட்டல் மறுபடி திறந்தது. நான் லினன் ரூமில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, இவற்றை எண்ணி வாங்குவது, மடிப்பது, அடுக்குவது என் வேலை. அங்கே ஒரு வேடிக்கை. கொரோனாவுக்கு முன்னால் பம்பாயிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கிய வியாபாரி ஒருவர், தனக்கு வியாபாரப் பேப்பர் வேண்டும் என்று கேட்டிருந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் ஆங்கிலப் பேப்பர். அவர் போய்விட்டார், பேப்பரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஹோட்டல் திறந்ததும் அதுவும் வர ஆரம்பித்துவிட்டது. லாபியில் ஒரு நாள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். மறுநாள் என்னிடம் வரும், அலமாரித் தட்டில் விரிக்க.

எனக்கு ஆங்கில எழுத்து தெரியும். பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்தில்தான் கோட்டைவிட்டேன். அதற்கு மேல் எனக்கு இருந்தது ஹோட்டல் ஆங்கிலம்: குட் மார்னிங், டவல், பில்லோ, செக் அவுட்.

ஒருநாள் தலையணை உறைகளுக்கு அடியில் பேப்பரை விரிக்கும்போது முதல் பக்கத்தில் அந்த நாலு எழுத்து கண்ணில் பட்டது. ரெப்போ. எனக்குக் கை நின்றுவிட்டது. கடன்காரனைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தது போல இருந்தது. விடுவேனா? பேப்பரை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ரிசப்ஷனில் லிஸி சேச்சி இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவளிடம் போய் இது என்னவென்று கேட்டேன்.

“நினக்கெந்தினா செல்வி இது? சினிமா நியூஸ் வாயிக்கு,” என்றாள். ஆனாலும் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். நாட்டுக்கே தலைமையான பேங்க் ஒன்று இருக்கிறது. மற்ற பேங்குகளுக்கு அது கொடுக்கிற கடனுக்கு வாங்குகிற வட்டிதான் ரெப்போ ரேட். அது இறங்கினால் நாம் போடும் பணத்துக்கு வட்டி இறங்கும், ஏறினால் ஏறும். இவ்வளவுதான்!

இந்த நாலு வரியைச் சொன்னால் எனக்குப் புரியாது என்றா அந்தப் பையன் நினைத்தான்? அன்று சாயா குடிக்கும்போதுகூட எனக்குக் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் படிக்க உட்கார்ந்தேன். அறிவு தாகம், ஆர்வம் என்றெல்லாம் எழுதினால் பொய்.

லாண்டரிச் சீட்டில் அகராதி

ஹோட்டலில் விருந்தாளிகள் துணி போடும்போது எழுதும் சீட்டு உண்டு. சட்டை எத்தனை, பேண்ட் எத்தனை என்று ஒரு பக்கம் அச்சடித்திருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பழைய மாடல் சீட்டுகள் ஒரு பெட்டி நிறைய கிடந்தன. ஒரு சீட்டுக்கு ஒரு வார்த்தை எழுதினேன். மேலே ஆங்கிலம், கீழே தமிழில் உச்சரிப்பு, அதற்குக் கீழே அர்த்தம். ஹைக் என்றால் ஏற்றம். கட் என்றால் குறைப்பு. அன்சேஞ்ச்ட் என்றால் இருந்தது இருந்தபடி. எலிவேட்டட் என்றால் உயரத்திலேயே நிற்கிறது. ஈஸ் என்றால் தணிவது. இன்ஃப்ளேஷனுக்கு நான் எழுதிய அர்த்தம்: ‘பை அதே பை, உள்ளே சாமான் குறைவு’.

வட்டிச் செய்தியைப் போல ஒரு நல்ல பாடப்புத்தகம் கிடையாது. இதை நான் யாரிடமும் வாதாடத் தயார். கொலைச் செய்தியில் ஒவ்வொரு நாளும் புதுப் பெயர், புது ஊர், புது ஆயுதம். விளையாட்டுச் செய்தியில் தலையும் புரியாது வாலும் புரியாது. வட்டிச் செய்தி அப்படி இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தலைமை பேங்கின் கமிட்டி கூடும். ஏறும், இறங்கும், அல்லது நிற்கும். அதே வார்த்தைகள், அதே வரிசையில். இந்தத் தடவை விட்டதை அடுத்த தடவை பிடித்துவிடலாம்.

எனக்குத் தமிழ் எழுத்து வந்ததும் இப்படித்தான். நான் படித்தது மலையாளப் பள்ளியில். அப்பா சுக்கு கோடவுனில் மூட்டை தூக்கியவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாராவாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை வாங்கிவந்து என் முன்னால் போடுவார். வாசி என்பார். எப்படி வாசிப்பது? அம்மா சொல்லித்தந்த பத்துப் பதினைந்து எழுத்தை வைத்துக்கொண்டு, சினிமா போஸ்டரிலும் கடைப் பலகையிலும் மீதியைத் தேடிப் பிடித்தேன். தப்பாக வாசித்தாலும் அப்பாவுக்குத் தெரியாது, அது ஒரு வசதி. இரண்டு வாரம் முன்பு இந்தத் தொடரைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல தமிழ் கொச்சியில் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, பிடிவாதம்தான். வேறு பள்ளிக்கூடம் இல்லை.

கமிட்டி முடிவு சொல்லும் நாளில் ஸ்டாஃப் கேண்டீன் டிவியில் ஆங்கிலச் சேனல் வைப்பேன். சமையல்காரர்கள் கத்துவார்கள். நானும் லிஸியும் பந்தயம் கட்டுவோம், ஏறுமா, நிற்குமா என்று. தோற்றவள் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். முதல் வருஷம் நான் வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு பெரும்பாலும் சாப்பிட்டேன்.

பேப்பர் சொல்வதை எல்லாம் நான் நம்பிவிடவில்லை. காய்கறி விலை தணிந்தது என்று பேப்பரில் வந்த அன்று சாயங்காலம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை கேட்டேன். அந்த முருங்கைக்காய் பேப்பர் படிப்பதில்லை என்று தெரிந்துகொண்டேன்.

தணிகிறது, ஆனாலும் உயரத்தில்தான்

இப்படிப் படித்ததில் ஒரு கோளாறும் வந்தது. எனக்கு வட்டி ஆங்கிலம் தவிர வேறு ஆங்கிலம் வராது. முருகேசனுக்குக் காய்ச்சல் வந்து நான் இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். திரும்பி வந்ததும், மேல்மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் உன் கணவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

“சார், ஃபீவர் ஈஸ் ஈஸிங். பட் இட் ரிமெயின்ஸ் எலிவேட்டட்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். லிஸி அன்று முழுக்கச் சிரித்தாள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள். சிரிக்கட்டுமே! நான் சொன்னதில் ஒரு தப்பு இருந்ததா? காய்ச்சல் தணிந்துகொண்டிருந்தது. உயரத்தில்தான் இருந்தது.

வீட்டிலும் கிண்டல்தான். தீபா ஆலுவா பக்கம் நர்சிங் படிக்கிறாள். வைட்டிலாவில் பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரில் என்னைக் கேலி செய்வாள்.

“அம்மே, இத வாயிச்சிட்டு உனக்கு என்ன கிட்டும்? சர்ட்டிபிகேட்டு கிட்டுமா?”

“கிட்டும்டி. பொறுத்துப் பாரு,” என்பேன். என்ன கிடைக்கும் என்று எனக்கும் தெரியாது.

ஏறியபோது எங்கே போனார்கள்

வட்டி ஏற ஆரம்பித்தது. ஒரு தடவை இல்லை, கமிட்டி கூடும்போதெல்லாம் ஏறியது. ஹைக் என்ற சீட்டை நான் எடுத்துப் பார்க்க வேண்டியே இருக்கவில்லை, மனப்பாடமாகிவிட்டது. ரஞ்சித்தின் கணக்குப்படி பார்த்தால், இறங்கியபோது நாங்கள் கூட்டிக் கொடுத்தோம். ஏறினால் அவன் அந்த ஒரு லட்சத்தையாவது திருப்பித் தர வேண்டுமா இல்லையா? வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலியேற்றம் வந்தது, ரஞ்சித் வரவில்லை.

நானே பாபு சேட்டனுக்குப் போன் செய்தேன். வட்டி கூடியிருக்கிறதே என்று மலையாளத்தில் பணிவாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். “எடீ செல்வி, அது பேங்கின்டெ காரியம். இது நம்முடெ காரியம்,” என்றார். இறங்கும்போது இரண்டும் ஒரே காரியம், ஏறும்போது வேறு வேறு காரியமாம். போனை வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். வார்த்தை தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது போதவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு பகல். லினன் ரூமில் விரிப்புகளை மடித்துக்கொண்டே ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். லெண்டர் என்று ஒரு வார்த்தை, பாரோவர் என்று ஒரு வார்த்தை. கடன் கொடுப்பவர், கடன் வாங்குபவர். இரண்டும் எனக்கு முன்பே தெரிந்த வார்த்தைகள். பேங்குக்காரர் லெண்டர், எங்களைப் போன்றவர்கள் பாரோவர் என்றுதான் எப்போதும் படிப்பேன். ஏழை என்றால் வாங்குகிறவன்தானே?

அன்று என்னமோ விரிப்பைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். நான் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறேன்? யாரிடமும் இல்லை. என் ஆறு லட்சம் யாரிடம் இருக்கிறது? பாபு சேட்டனிடம். அதைத் திருப்பித் தர வேண்டியவர் யார்? பாபு சேட்டன்.

அப்படியென்றால் நான்தானே லெண்டர்!

விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன். மூன்று வருஷம் நான் வாழைக்குலை சுமந்தது எனக்குக் கடன்பட்ட மனிதனுக்கு. கடன் கொடுத்தவள், வாங்கியவன் வீட்டு வாசலில் போய்ப் பாயசம் குடித்துக் கைகட்டி நின்றிருக்கிறாள். உலகத்தில் எந்த பேங்காவது இப்படிச் செய்யுமா? எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் தீர்ந்தபிறகு நிம்மதியாகவும் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து முத்திரைத்தாளை எடுத்துப் படித்தேன். முதன்முறையாக. ரீஃபண்டபிள், இன்ட்ரஸ்ட் ஃப்ரீ போன்றவை பேப்பரில் கற்றவை. வெக்கேட் ஹோட்டலில் கற்றது. வீட்டைக் காலி செய்யும் அதே நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. தொகை ஐந்து லட்சம் என்றே இருந்தது. அந்த ஒரு லட்சம் இரண்டு தடவை தாள் மாறியும் ஏறவே இல்லை. கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.

ஒன்பதாம் நாள்

பிறகு வட்டி நெடுநாள் அசையாமல் நின்றது. நின்று நின்று, ஒருநாள் இறங்கியது. கேண்டீனில் நான் லிஸியிடம் சொன்னேன், “நோக்கிக்கோ, ரெண்டு வாரத்துக்குள்ள எங்க வீட்டுக்கு ஒரு ஆள் வரும்.” அவள் பந்தயம் கட்டினாள்.

ஒன்பதாம் நாள் ரஞ்சித் வந்தான். இந்தத் தடவையும் ஷூவைக் கழற்றவில்லை. ஒன்றரை லட்சம் கூட்ட வேண்டும், முடியாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்றான். போனை எடுத்து வாசிக்கத் தொடங்கினான்.

“வாசிக்கண்டா மோனே,” என்றேன். “ரெப்போ ரேட் கொறச்சு. டெபாசிட்டினு பலிச கொறயும். ஆறு மாசமாயிட்டு இன்ஃப்ளேஷனும் தாழெ. அதல்லே?”

போன் அவன் கையிலேயே நின்றது. மேலும் கேட்டேன். வட்டி ஏறிக்கொண்டே போன காலத்தில் நீ எந்த ஊரில் இருந்தாய்? நான் ஐந்து லட்சம் கொடுத்த அன்று அந்தப் பணத்துக்கு எத்தனை பவுன் வாங்கலாம், இன்று அதில் மூன்றில் ஒரு பங்காவது வருமா? அப்படியிருக்க என் பணத்தை அதே எண்ணிக்கையில் திருப்பித் தந்தாலே உனக்கு லாபம்தானே?

அவன் போனைப் பைக்குள் போட்டான். மாதக் கடைசி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை. முருகேசன் நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

“உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு செல்வி. அவன் எறங்கச் சொன்னா எங்க போவ? இப்ப ஆறு லட்சத்துக்கு இந்த மட்டாஞ்சேரில ஒரு கோழிக்கூடு கிட்டுமா? எட்டு, பத்துன்னு கேக்கறான். புள்ள படிப்பு முடியற வரைக்கும் வாய மூடிட்டு இருப்போம். நான் எங்கயாச்சும் பொரட்டறேன்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆறு லட்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் எங்களுக்கு வீடு கிடைக்காது. தீபாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு.

“அவன்ட்ட குடுக்க காசு இல்லங்க,” என்றேன். “போன மாசம்தான பஜார்ல பாத்தப்ப, வைட்டிலால ஃபிளாட் புக் பண்ணிருக்கேன்னு உங்ககிட்ட பெருமையடிச்சான்? நம்ம பணம் அங்க போயிருச்சு. அடுத்த ஆளு வந்து பணயம் குடுத்தாத்தான் நமக்குத் தர முடியும். எல்லா ஓனரும் அப்படித்தான். அவனால நம்மள எறக்க முடியாது.”

“அவன் பணத்தக் கொண்டுவந்து வெச்சுட்டா?”

“வெச்சுட்டா எறங்கணும்,” என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் நானே ரஞ்சித்துக்குப் போன் செய்தேன். மாதக் கடைசி வரை வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமையே காலி செய்கிறோம், ஆறு லட்சத்தோடு வா, பணம் மேஜைக்கு வந்ததும் சாவி உன் கையில் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஹோட்டலிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்தேன். பாத்திரம், புத்தகம், துணி எல்லாவற்றையும் கட்டி, சந்தில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் அடுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். முருகேசன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தீபா அன்று கேலி செய்யவில்லை. நான் முடிச்சுகளை இறுக்கி இறுக்கிக் கட்டினேன்.

பதினொரு மணிக்கு ஆட்டோ வந்தது. ரஞ்சித்தோடு பாபு சேட்டனும் இறங்கினார். அவரைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மெலிந்திருந்தார். நான் இரண்டு பேர் கையையும்தான் பார்த்தேன். பை இல்லை.

ரஞ்சித் பெட்டிகளைப் பார்த்தான். புது ஆள் ஒருவரைப் பேசி வைத்திருப்பதாகவும், நாங்கள் முதலில் இறங்கினால் அவர் பணம் கொடுப்பார், அதிலிருந்து எங்களுக்குத் தருவதாகவும் சொன்னான்.

நான் முத்திரைத்தாளை எடுத்து அந்த வரியை ஆங்கிலத்தில் உரக்க வாசித்தேன். திக்கவில்லை. மலையாளத்தில் அர்த்தமும் சொன்னேன். காலி செய்கிற அதே நாளில், முழுத் தொகை. பிறகு என்பது இதில் இல்லை.

“அதில் அஞ்சு லக்ஷமல்லே உள்ளூ?” என்றான் ரஞ்சித். “சேச்சி ஆறு ஆறென்னு பறயுன்னதெந்தினா?”

என் செயின்! அவன் எண்ணி வாங்கியது இதே இடத்தில். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பாபு சேட்டன் பேசினார்.

“ஆறு,” என்றார். மருமகனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். “ஆறாணு. ஞான் அறியும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி போனது. மீதிப் பாதி இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ரஞ்சித் வெளியே போய்ச் சந்தில் நின்றுகொண்டான். பாபு சேட்டன் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார். பணம் இல்லை என்றார். ஃபிளாட்டுக்குப் போய்விட்டது என்றார். எனக்கு அது தெரிந்ததுதான். ஆனாலும் அதை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. முருகேசன் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் அப்படிப்பட்டவர்.

“சரி சேட்டா. நாங்க இறங்கல. புதுத்தாள் எழுதுவோம்,” என்று மலையாளத்தில் சொல்லி, நான் முன்பே எழுதி வைத்திருந்ததை நீட்டினேன். லிஸி டைப் அடித்துக் கொடுத்தது, வார்த்தைகள் என்னுடையவை. தொகை ஆறு லட்சம். தீபாவின் படிப்பு முடியும்வரை பணயம் கூட்டக் கூடாது. அதன்பிறகும் வட்டி இறங்கும்போது கூட்டுவதாக இருந்தால், ஏறும்போது குறைக்கவும் வேண்டும். எங்களை இறக்குவதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். கையைக் கட்டவில்லை. படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“இதெந்தா செல்வி,” என்றார், “நீ பேங்கோ?”

அவரிடம் நான் எப்போதும் மலையாளம்தான் பேசுவேன். அன்று வாயில் தமிழ்தான் வந்தது.

“ஆமா சேட்டா. உங்களுக்கு நான்தான் பேங்க். கையெழுத்துப் போடுங்க.”